கிராம்புக்குள்ளே ஒரு வினாத்தாள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)



செயலாளர் அண்ணாச்சி போன மாதம் போன் பண்ணினார். "பதினைஞ்சு நிமிஷம் பேசணும். பெயின்ட் கம்பெனி கதையெல்லாம் வேண்டாம்டே, ஒருத்தனும் கேக்க மாட்டான். வடகரையில ஞாயித்துக்கிழமை ஏதோ கிளாஸ் நடத்துதியாமே, அதைப் பேசு" என்றார். அவர் சொன்னால் தட்ட முடியாது. எனக்கு ஹாஸ்டல் அட்மிஷன் வாங்கித் தந்தவரே அவர்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 2011-இல் இங்கே பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தேன். பிறகு இரண்டாம் ஆண்டு நேரடிச் சேர்க்கையில் கெமிக்கல் இன்ஜினியரிங். இப்போது பெயின்ட்டுக்கு ரெசின் காய்ச்சும் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு ஊருக்கு வந்துவிடுவேன்.

அந்த ஞாயிறுகளில் வடகரையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் கூடுகிறார்கள். சுற்றுவட்டாரப் பிள்ளைகள்தான். அச்சன்புதூர், பண்பொழி, மேக்கரைப் பக்கமிருந்துகூட வருகிறார்கள். பாதிப்பேர் வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறவர். மேக்கரையிலிருந்து வரும் பையன், ராத்திரி யானை தென்னந்தோப்புக்குள் வந்துவிட்டது, அப்பாவோடு வெடி போடப் போனேன், அதனால் ஹோம்வொர்க் செய்யவில்லை என்று ஒருநாள் சொன்னான். இதைவிட உண்மையான காரணத்தை எந்த வாத்தியாரும் கேட்டிருக்க மாட்டார். மன்னித்துவிட்டோம்.

இவர்களுக்கு நான் நடத்துவது ஒரே ஒரு பாடம். கரிம வேதியியல். அதுவும் நீட் தேர்வுக்கான கரிம வேதியியல்.

இங்கே மூத்த அண்ணாச்சிமார்கள் எழுதியது டி.என்.பி.சி.இ.இ. என்ற மாநில நுழைவுத்தேர்வு. 1984-இல் வந்தது. 2007-இல் போனது. நான் பிளஸ் டூ முடித்த 2008-இல் நுழைவுத்தேர்வே கிடையாது. உயிரியலுக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது என்று இருநூறுக்குக் கட்-ஆஃப் போட்டு எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இடங்களைக் கொடுத்தார்கள். 2017-இலிருந்து இங்கும் நீட்தான். பல் மருத்துவத்துக்கென்று தனித் தேர்வு இல்லை. ஒரே வினாத்தாள், ஒரே தரவரிசை. மொத்தம் 180 கேள்விகள், 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. இந்த 45-இல் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கரிம வேதியியல்.

நீட் வேண்டுமா வேண்டாமா என்று இந்த மேடையில் நான் பேசப் போவதில்லை. நமது சட்டமன்றம் 2021-இலும் 2022-இலும் விலக்கு மசோதா நிறைவேற்றியது. ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அவையில் அறிவித்தார். அந்த வழக்கு பெரியவர்களுக்கு. மே மாதம் முதல் வாரத்தில் பரீட்சை அறைக்குள் போகிற பிள்ளைக்கு அந்த வாதம் ஒரு மார்க்கும் தராது.

சரி, கரிம வேதியியலை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டேன்? முதல் காரணம், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இரண்டாவது, பிள்ளைகள் அதைக் கண்டுதான் அதிகம் பயப்படுகிறார்கள். "அண்ணா, உயிரியலை உருப்போட்டுருவோம், பிஸிக்ஸுக்கு ஃபார்முலா இருக்கு, இதுக்கு என்ன இருக்கு?" என்று ஒரு பெண் கேட்டது. நியாயமான கேள்வி. அந்தப் பெண்ணிடம் ஒரு நோட்டு இருந்தது. பெயருள்ள வினைகள் எழுபது, எண்பது, அழகான கையெழுத்தில், அடியில் சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தது. கானிசரோ வினையை எழுதச் சொன்னேன், எழுதியது. அசிட்டால்டிஹைடு கானிசரோ வினைக்கு உட்படுமா என்று கேட்டேன். முழித்தது. அந்த நோட்டில் பென்சால்டிஹைடுதான் இருந்தது, அசிட்டால்டிஹைடு இல்லை.

கார்பனைல் தொகுதிக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதைத்தான் ஆல்ஃபா ஹைட்ரஜன் என்கிறோம். இருந்தால் காரம் அதைப் பறிக்கும், ஆல்டால் வழியில் போகும். இல்லாவிட்டால் பறிக்க ஒன்றும் இல்லை. அடர் காரத்தில் ஒரு மூலக்கூறு ஆக்சிஜனேற்றமும் மற்றொன்று ஒடுக்கமும் அடைகின்றன. அதுதான் கானிசரோ. ஃபார்மால்டிஹைடிலும் பென்சால்டிஹைடிலும் ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லை. அசிட்டால்டிஹைடில் மூன்று இருக்கின்றன. இந்த ஒரு பார்வை வந்துவிட்டால் அந்த நோட்டில் பத்துப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

பிள்ளைகளுக்கு இது வராததற்குக் காரணம் சோம்பல் இல்லை. பிளஸ் ஒன்னில் இருக்கிற கரிம வேதியியல் அடிப்படைகளை யாரும் நிதானமாக நடத்துவதில்லை. தூண்டல் விளைவு, உடனிசைவு, கருக்கவர் பொருள், எலக்ட்ரான் கவர் பொருள், கார்பன் நேர் அயனியின் நிலைப்புத்தன்மை, இவைதான் அந்த அடிப்படைகள். பொதுத்தேர்வில் அதற்கு மார்க் கம்மி என்று தள்ளிவிட்டு நேரே பிளஸ் டூ பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அஸ்திவாரம் போடாமல் மாடியில் சன்னல் வைக்கிற வேலை. வடகரையில் நாங்கள் முதல் மூன்று மாதம் அந்த இரண்டு பாடங்களைத் தவிர எதையும் தொடுவதில்லை. பெற்றோர் சிலர் வந்து "போர்ஷன் எப்ப சார் முடிப்பீங்க" என்று சண்டை போட்டிருக்கிறார்கள். போடட்டும்.

இப்போது கிராம்புக்கு வருகிறேன்.

குற்றாலம் மலைத்தோட்டத்தில் கிராம்பு விளைகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். பல்வலி என்றால் பாட்டி கிராம்பை நசுக்கி வைக்கச் சொல்வாள். பல் மருத்துவர் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தால் வருகிற வாசனையும் பெரும்பாலும் அதுதான். அந்த வாசனைக்குக் காரணமான பொருளின் பெயர் யூஜினால். முதல் நாள் வகுப்பில் ஆளுக்கு இரண்டு கிராம்பு கொடுத்து மெல்லச் சொல்வேன். போர்டில் யூஜினாலின் அமைப்பைப் போடுவேன். ஒரு பென்சீன் வளையம். அதில் ஒரு ஹைட்ராக்ஸில் தொகுதி. அதற்குப் பக்கத்து இடத்தில் ஒரு மெத்தாக்ஸி தொகுதி. ஹைட்ராக்ஸிலுக்கு நேர் எதிரே மூன்று கார்பன் கொண்ட ஒரு வால், அதன் நுனியில் இரட்டைப் பிணைப்பு. அவ்வளவுதான். ஆனால் பிளஸ் டூ பாடத்தில் பாதி இதற்குள் இருக்கிறது.

ஃபெரிக் குளோரைடு விட்டால் நிறம் வருமா? வரும், ஃபீனால் இருக்கிறதே. புரோமின் நீரின் நிறம் போகுமா? போகும், இரட்டைப் பிணைப்பும் இருக்கிறது, கிளர்வூட்டப்பட்ட வளையமும் இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடில் கரையுமா? கரையும். சோடியம் பைகார்பனேட்டில்? கரையாது. ஹைட்ரஜன் அயோடைடோடு சூடாக்கினால் மெத்தாக்ஸி என்ன ஆகும்? வளையத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பு முறியாது. மெத்தில் பக்கம்தான் முறியும், மெத்தில் அயோடைடு வரும். அனிசோலில் கேட்கிற அதே கேள்விதான் இது. இரட்டைப் பிணைப்பு வளையத்தோடு சேரும்படி ஓர் இடம் நகர்ந்தால் அது ஐசோயூஜினால். மாற்றியம் படித்தாயிற்று.

கடைசியில் பல்லுக்கு வருவோம். ஜிங்க் ஆக்சைடு பொடியில் யூஜினாலைக் குழைத்தால் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். பல் குழிக்குத் தற்காலிகமாக அடைப்பது இதைத்தான். ஏன் இறுகுகிறது? ஃபீனால் புரோட்டானை இழக்கிறது. அந்த ஆக்சிஜனும் பக்கத்து மெத்தாக்ஸி ஆக்சிஜனும் இரண்டு கை போல ஜிங்க்கைப் பிடித்துக்கொள்கின்றன. கொடுக்கு இணைப்பு, கிலேட். மெத்தாக்ஸி பக்கத்தில் இல்லாமல் எதிரே இருந்திருந்தால் இந்தப் பிடி கிடைத்திருக்காது. ஆர்த்தோ, பாரா வித்தியாசம் வெறும் பரீட்சைக்கு மட்டும் இல்லை என்று அப்போது பிள்ளைகளுக்குப் புரியும்.

பைகார்பனேட்டில் கரையாது என்று சொன்னேன் அல்லவா, அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த ஓர் இடத்திலிருந்து மட்டும் எத்தனையோ வருஷமாகக் கேள்வி வந்துகொண்டிருக்கிறது. டிரைநைட்ரோஃபீனால், பென்சாயிக் அமிலம், பென்சீன் சல்ஃபோனிக் அமிலம், ஆர்த்தோ நைட்ரோஃபீனால், இந்த நாலில் சோடியம் பைகார்பனேட்டில் கரையாதது எது என்பது பழைய வினாத்தாளில் வந்த கேள்வி. உருப்போட்ட பிள்ளை "ஃபீனால் கரையாது, அமிலம் கரையும்" என்று வைத்திருக்கும். இங்கே ஃபீனால் குடும்பத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். யாரைச் சொல்வது?

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, புரோட்டான் போன பிறகு மிச்சம் இருப்பதைப் பார் என்பதுதான். எத்தனாலில் புரோட்டான் போனால் எதிர்மின்சுமை முழுவதும் ஒரே ஆக்சிஜன் தலையில். பக்கத்து எத்தில் தொகுதி அதை இறக்கி வைப்பதை விட்டுவிட்டு இன்னும் ஏற்றுகிறது. ஃபீனாலில் அந்தச் சுமையை வளையம் பங்குபோட்டுக்கொள்கிறது. நெல் மூட்டையை ஒருத்தன் சுமப்பதற்கும் நாலு பேர் கைகொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம். வளையத்தில் நைட்ரோ இருந்தால் அவன் நல்ல பலசாலி, இன்னும் இழுத்துக்கொள்வான். மூன்று நைட்ரோ இருந்தால் கேட்கவே வேண்டாம். எண்ணில் சொன்னால் பிகேஏ மதிப்பு எத்தனாலுக்கு 16, ஃபீனாலுக்கு 10, ஆர்த்தோ நைட்ரோஃபீனாலுக்கு 7.2, பென்சாயிக் அமிலத்துக்கு 4.2, டிரைநைட்ரோஃபீனாலுக்கு, அதாவது பிக்ரிக் அமிலத்துக்கு 0.4. கார்பானிக் அமிலத்துக்கு 6.4. இந்த 6.4-தான் எல்லைக்கல். அதைவிட வலுவான அமிலம் பைகார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடை விரட்டிவிட்டுத் தான் உப்பாகிக் கரையும். சோடா பாட்டில் மாதிரி நுரைக்கும். ஆர்த்தோ நைட்ரோஃபீனால் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அதுதான் விடை.

இதை நடத்திய அன்றைக்கு வடகரைத் தங்கை ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அண்ணா, ஃபீனாக்சைடுக்கு அஞ்சு அமைப்பு வரைஞ்சீங்க. அசிட்டேட்டுக்கு ரெண்டுதான். அப்போ சுமையை அஞ்சு பேர் சுமக்கிறதுதானே லேசு? அசிட்டிக் அமிலம் எப்படி ஃபீனாலைவிடப் பெரிய ஆள் ஆச்சு?" அவள் வாப்பா செங்கோட்டை ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். இங்கே முன்வரிசையில் இருக்கும் என் பேராசிரியர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருப்பார். விடை: எத்தனை பேர் என்பதைவிட யார் என்பது முக்கியம். அசிட்டேட்டில் சுமை இரண்டு ஆக்சிஜன்கள்மேல் சரிசமமாக இருக்கிறது. ஆக்சிஜனுக்கு எதிர்மின்சுமை பிடிக்கும். ஃபீனாக்சைடில் சுமை போய் உட்காருவது கார்பன்மேல். கார்பனுக்கு அது பிடிக்காத வேலை, அதோடு வளையத்தின் சீரான அமைப்பும் கெடுகிறது. பிடிக்காத மூன்று கூலியாளைவிடப் பிடித்த இரண்டு ஆள் மேல்.

இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு நீட் வினாத்தாளில் புதுசாக ஒரு சேர்மம் வந்தாலும் கை நடுங்காது.

எல்லாவற்றையும் இப்படி நடத்த நேரம் கிடையாது. சிலவற்றை இரண்டு வரியில் தாண்டிவிடுவோம். உயிரியல் மூலக்கூறுகளை உயிரியல் பாடத்தோடு சேர்த்துப் படித்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். பெயரிடும் முறை பயிற்சியில் வந்துவிடும். ஆனால் பொறி வைத்துக் கேட்கிற இடங்களில் நிற்க வேண்டும். மார்க்கோனிகாஃப் விதி எல்லோருக்கும் தெரியும். 3-மெத்தில்-1-பியூட்டீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் என்ன வரும் என்று கேட்டால், விதியை மட்டும் தெரிந்தவர்கள் 2-புரோமோ-3-மெத்தில்பியூட்டேன் என்பார்கள். ஆனால் நடுவில் உண்டாகிற இரண்டாம்நிலைக் கார்பன் நேர் அயனி, பக்கத்திலிருந்து ஒரு ஹைட்ரைடை நகர்த்திக்கொண்டு மூன்றாம்நிலையாக மாறிவிடும். ஆகவே முக்கியமாகக் கிடைப்பது 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன். இரண்டுமே விடைப்பட்டியலில் இருக்கும், சந்தேகமே வேண்டாம்.

அதேபோல வில்லியம்சன் ஈதர் தொகுப்பு. மூவிணைய பியூட்டாக்சைடும் மெத்தில் புரோமைடும் சேர்ந்தால் ஈதர். தலைகீழாக மூவிணைய பியூட்டைல் புரோமைடும் மெத்தாக்சைடும் சேர்த்தால் ஈதருக்குப் பதில் ஆல்கீன்தான் முக்கியமாக வரும். நெரிசலான கார்பனைப் பின்பக்கமாக வந்து தாக்க முடியாதபோது காரம் ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஈதர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1846 அக்டோபர் 16-ஆம் தேதி பாஸ்டன் நகர மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைக்கு ஈதர் மயக்கம் கொடுத்து ஊரறியக் காட்டிய வில்லியம் மார்ட்டன் ஒரு பல் மருத்துவர். அதற்கு இரண்டு வருஷம் முன்பு சிரிப்பு வாயுவைப் பல் பிடுங்கப் பயன்படுத்திய ஹொரேஸ் வெல்ஸும் பல் மருத்துவர்தான். "பல் டாக்டர்தானா?" என்று இழுக்கிற சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அமீன்கள் பாடத்துக்கு லிக்னோகெய்ன். பல் பிடுங்கும்முன் ஈறில் போடுகிற ஊசி. சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் தயாரித்தது. அதைச் செய்ய இரண்டே படிதான், இரண்டும் பிளஸ் டூ பாடம். இரண்டு மெத்தில் தொகுதியுள்ள அனிலீனை, அதாவது 2,6-சைலிடினை, குளோரோ அசிட்டைல் குளோரைடோடு சேர்த்தால் அமைடு வரும். அந்த மூலக்கூறில் இரண்டு குளோரின் இருக்கிறதே, எது முதலில் போகும்? கார்பனைல் பக்கத்துக் குளோரின்தான் முதலில். மிச்சமிருக்கிற குளோரினை டைஎத்தில் அமீன் வந்து வெளியேற்றும். முடிந்தது. இதை நான் போர்டில் போட்டு முடிக்கிறபோது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். "இவ்வளவுதானா அண்ணா மருந்து?" என்பார்கள்.

இதிலே இன்னொரு சுவாரசியம். சீழ் கோத்த பல்லுக்கு ஊசி போட்டால் சரியாக மரத்துப்போகாது. அனுபவித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். லிக்னோகெய்ன் ஒரு மூவிணைய அமீன். ஊசி மருந்தில் அது ஹைட்ரோகுளோரைடு உப்பாக இருக்கிறது, தண்ணீரில் கரைவதற்காக. நரம்பின் கொழுப்புப் படலத்தைத் தாண்ட வேண்டுமானால் புரோட்டானைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் அமீனாகப் போக வேண்டும். சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மை கொண்டது. அங்கே புரோட்டானைக் கழற்றவிடாது. மருந்தில் பெரும்பங்கு வாசலிலேயே நின்றுவிடும். சரியாக மரக்காததற்குச் சொல்லப்படும் முக்கியமான காரணங்களில் இது ஒன்று. அமீனின் காரத்தன்மை என்று வறட்டுப் பாடமாக இருந்தது, இப்போது வலியாக மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு அனிலீன் ஏன் எத்தில் அமீனைவிட வலுக்குறைந்த காரம் என்று கேட்டால், தனி இணை எலக்ட்ரானை வளையம் இழுத்துக்கொள்கிறது என்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் வருகிறது. ஆனால் நீர்க்கரைசலில் மெத்தில் அமீன்களின் வரிசையும் எத்தில் அமீன்களின் வரிசையும் வேறுபடும். மெத்திலில் இரண்டு, ஒன்று, மூன்று. எத்திலில் இரண்டு, மூன்று, ஒன்று. காரணத்தைச் சொல்லிவிட்டு இதை மட்டும் உருப்போடச் சொல்லிவிடுவேன். எல்லாவற்றுக்கும் தத்துவம் பேசிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. 2024 தேர்விலிருந்து பாடத்திட்டத்தைக் குறைத்துவிட்டார்கள். பலபடிகள், அன்றாட வாழ்வில் வேதியியல் போன்ற பாடங்கள் நீட்டில் இல்லை. நமது பிளஸ் டூ புத்தகத்தில் இருக்கின்றன. பொதுத்தேர்வுக்குப் படிக்க வேண்டும், நீட்டுக்கு வேண்டாம். பழைய கைடு வைத்துக்கொண்டு நைலான் கேள்விகளில் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கரிமச் சேர்மங்களைத் தூய்மையாக்குதல், செய்முறை வேதியியல் என்ற பகுதிகள் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. நம் கல்லூரி ஆய்வகத்துக்கு அந்தப் பிள்ளைகளை ஒருநாள் கூட்டிவந்து டாலன்ஸ் வினைப்பொருளில் வெள்ளிக் கண்ணாடி படிவதைக் காட்டினால் ஆயுசுக்கும் மறக்காது. முதல்வர் அவர்கள் காதில் இது விழுந்திருக்கும் என்று நம்புகிறேன். பி.டி.எஸ். போன பிறகு பலபடி வேறு வழியில் வந்து நிற்கும். செயற்கைப் பல்செட்டின் இளஞ்சிவப்பு அக்ரிலிக், மெத்தில் மெத்தாக்ரிலேட்டிலிருந்து வருவது. அதைத் தொடங்கிவைப்பது பென்சாயில் பெராக்சைடு. ஹைட்ரஜன் புரோமைடு பெராக்சைடு முன்னிலையில் மார்க்கோனிகாஃபுக்கு எதிராகச் சேரும் என்று படிக்கிறோமே, அதே பெராக்சைடுதான். பெயின்ட் ரெசினிலும் எனக்கு அவர்தான் கூட்டாளி. மன்னிக்கவும், கம்பெனிக் கதை வந்துவிட்டது.

மொழி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. நம் பிள்ளைகளில் பலர் தமிழ்வழி. நீட் தமிழிலும் எழுதலாம், வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கும். 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கருணை அடிப்படையில் வழங்கச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. குழப்பம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதே இறுதி என்பது விதி. ஆகவே வடகரைப் பிள்ளைகள் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதுகிறார்கள். கருக்கவர் பொருள் என்றால் நியூக்ளியோஃபைல். உடனிசைவு என்றால் ரெசொனன்ஸ். நீக்கவினை என்றால் எலிமினேஷன். ஒரு இருநூறு சொல் போதும். சிந்திப்பது தமிழில் இருக்கட்டும். தமிழ்ச் சொல் தெளிவாக இருக்கிறது, கருக்கவர் பொருள் என்றாலே அது என்ன செய்யும் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் கேள்வி சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் உள்ள ஆங்கிலத்தைப் படித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 குறையும். கண்ணை மூடிக்கொண்டு நாலில் ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கிடைப்பது கால் மார்க். வேதியியலை வைத்து இரண்டு விடைகளை ஒதுக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தொட்டால் சராசரி ஒன்றரை. பிளஸ் ஒன் அடிப்படைகள் தெரிந்த பிள்ளைக்கு, விடை தெரியாத கேள்வியிலும் இரண்டை ஒதுக்க முடியும். பயந்து விட்டுவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் தைரியம் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு தகவல்: உங்கள் பிள்ளைகள் எழுதும் டேட் தேர்வில் இயற்கை அறிவியல் பகுதி 100 கேள்வி, 90 நிமிடம், அதில் 30 கரிம வேதியியல். தப்புக்கு மார்க் குறைப்பதில்லை. கல்லூரியில் படித்துவிட்டு எழுதுகிறார்கள். வடகரைப் பிள்ளை பதினேழு வயதில் எழுதுகிறது.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் இருந்து மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பல் மருத்துவக் கல்லூரி சென்னையில் இருக்கிறது, சிதம்பரத்தில் இருக்கிறது, 2023-இல் புதுக்கோட்டையில் வந்தது. கேள்வி கேட்ட அந்தத் தங்கை போன வருஷம் பி.டி.எஸ். சேர்ந்துவிட்டாள். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. "இன்னொரு வருஷம் எழுது" என்று வீட்டில் ஒரு கூட்டமே உட்கார்ந்து பேசியது. ஒரு பயிற்சி நிலையத்தில் மறுமுறை எழுதுவோர் பிரிவுக்குக் கேட்ட பணத்தைச் சொன்னபோது அவள் வாப்பா கடையை விற்கலாமா என்று என்னிடம் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர்கள் முடிவு. அவளே சொல்லிவிட்டாள், "வாப்பா, எனக்குப் பல்லு போதும், கடை இருக்கட்டும்." முதலாண்டு உயிர்வேதியியல் படிப்பதாகப் போன வாரம் சொன்னாள். அதே வகுப்பில் இருந்த மேக்கரைப் பையனுக்கு இடம் கிடைக்கவில்லை. நம் கல்லூரியில்தான் முதலாண்டு வேதியியல் சேர்ந்திருக்கிறான். இந்தக் கூட்டத்தில் பந்தி பரிமாறுகிறவர்களில் ஒருவன். அவனைக் கேட்டால் கிராம்பின் அமைப்பைக் கையில் வரைந்து காட்டுவான்.

இப்போது நான் எதற்கு இவ்வளவும் பேசினேன் என்றால், வடகரை வகுப்பு வரும் ஜூனில் நடக்குமா என்பது சந்தேகமாக இருக்கிறது. நடத்திக்கொண்டிருந்த மூவரில் ஒருவருக்கு ஒசூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. இன்னொருவர் வெளிநாடு போகிறார். நான் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான். பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இங்கே இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு வேதியியல் படிக்கிற தம்பி தங்கைகள் நாலு பேர் போதும். பெரிய படிப்பு வேண்டாம். பிளஸ் ஒன் புத்தகத்தின் அந்த இரண்டு பாடத்தையும் நீங்களே ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். பஸ் சார்ஜ் சங்கம் தரும் என்று பொருளாளர் அண்ணாச்சி தலையாட்டுகிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றிப் பேச முடியாது.

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டில் காலை எட்டரைக்கு நான் நிற்பேன், ஜூன் முதல் ஞாயிறு. வகுப்பு ஒன்பதரைக்கு. கிராம்பு நான் கொண்டுவருகிறேன்.